புகார் அப்படியே இருக்கட்டுமுங்க

வாங்க அம்மணி, வாங்க. அந்த இலவச சட்ட மையம் பத்து மணிக்குத்தானுங்க தெறப்பாங்க. நீங்க எட்டே முக்கால் பஸ்ஸுலயே வந்து எறங்கீட்டீங்க. அந்தச் சேர் வேண்டாமுங்க, காலு ஆடும். இதுல உக்காருங்க. நிதி குடுக்கற ஆபீஸ்ல இருந்துதான வர்றீங்க? கையில அந்த பைலைப் பாத்ததுமே தெரிஞ்சுக்கிட்டேன். அதுக்குள்ள ஒரு புகார் மனு இருக்குமுங்க. கீழ சென்னியப்பன்னு கையெழுத்து இருக்கும். அது நான்தானுங்க.

மனுப் போட்டு எட்டு மாசமாச்சுங்க. பரவாயில்லை. பெரிய ஆபீஸுன்னா அப்படித்தான் இருக்கும்.

நீங்க உள்ள போயி அவங்களை விசாரிக்கறதுக்கு முன்னால எங்கிட்ட ஒருக்கா கேட்டுக்கறது நல்லதுங்க. நான் யாரையும் கொறை சொல்ற ஆளில்லீங்க. மூலனூர்ல யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க. எழுதிக்கறதுன்னா எழுதிக்குங்க. சிலதை எழுதவேண்டாம். எதுன்னு அது வர்றப்பச் சொல்றேன்.

மூணு வருசத்துக்கு முன்னால இந்த வக்கீலம்மா வெய்யில்ல எடம் தேடி அலைஞ்சுக்கிட்டிருந்தாங்க. தஸ்லீமான்னு பேருங்க, உடுமலைப்பேட்டைக்காரப் புள்ள. ஏழைபாழைங்களுக்குக் காசு வாங்காம மனு எழுதிக் குடுக்கறது, கேஸு நடத்திக் குடுக்கறது, அப்படி ஒரு மையம் ஆரம்பிக்கோணும், மெட்ராஸுல ஒரு ஆபீஸு நிதி குடுக்குதுன்னாங்க. அந்த ஆபீஸு நீங்கதானுங்க. நீங்க போட்ட கண்டிசனையெல்லாம் சொன்னாங்க. மாடியில இருக்கக்கூடாது, வயசானவங்க ஏற மாட்டாங்க. போலீஸ் ஸ்டேசன் பக்கத்துல இருக்கக்கூடாது, பொம்பளைங்க வரமாட்டாங்க. கட்சி ஆபீஸு, சாதிச் சங்கம் இருக்கற கட்டடம் ஆகாது. இதையெல்லாம் கழிச்சுப்போட்டுப் பாத்தா இந்த ஊர்ல மிஞ்சறது எங்கூட்டு முன்ரூமு ஒண்ணுதானுங்க.

அதுல நான் உர மூட்டை அடுக்கி வெச்சிருந்தேன். யூரியா நாத்தம் அடிக்கும். மூட்டையெல்லாம் எடுத்துப்போட்டு, கழுவி விட்டு, வெள்ளையடிச்சுக் குடுத்தனுங்க. வாடகையும் கொறைச்சுத்தான் கேட்டேன். ஒரே ஒரு கண்டிசன் போட்டேன். வாசல்ல என்னைப் பெத்த எங்கய்யன் பேரு இருக்கோணும். 'அமரர் நாச்சிமுத்து நினைவகம்'னு கிரானைட் கல்லு பாத்தீங்களா, நான் வெச்சதுதான். உங்க ஆபீஸு பேரும் கீழ இருக்குதுங்க. சின்ன எழுத்துல இருக்கும், குனிஞ்சு பாக்கோணும். கல்லுல எடம் பத்தலை.

தொறப்பு விழாவுல நானும் பேசுனேன். நான் மேடையில பேசிப் பழக்கமில்லாதவன். ஆனா அன்னிக்கு நல்லா வந்துதுங்க. 'நியாயம் பணக்காரனுக்கு மட்டும் சொந்தமில்லை. தன்னோட உரிமையைக் கேக்கப் பயந்துக்கிட்டு எவனொருத்தன் மூலையில மொடங்கிக் கெடக்கறானோ, அவன் இந்தப் படியேறி வரட்டும். அவனுக்கு இந்தச் சென்னியப்பன் பின்னால நிப்பான்'னேன். கைதட்டு அடங்கறதுக்குச் சித்த நேரமாச்சு. பேப்பர்ல கூடப் போட்டாங்க, போட்டோவுல எம்பட காது மட்டும் தெரியும். மயிலாத்தா அப்ப ஓரமா நின்னு எல்லாத்துக்கும் காபி குடுத்துக்கிட்டிருந்தா. அவளும் கேட்டிருக்கறா. நான் கவனிக்கலைங்க.

மயிலாத்தா எம்பட தங்கச்சி. ஒரே தங்கச்சி. எம்பட கண்ணாலத்துல இணைச்சீர் பண்ணுனவ. எங்க பக்கம் மாப்பிள்ளைக்குப் பக்கத்துல பொறந்தவளை உக்கார வெச்சு ஒரு சீர் பண்ணுவோம். அவளை எந்தக் காலத்துலயும் கைவிட மாட்டேன்னு அதுக்கு அர்த்தமுங்க. நான் கைவிடலை. மச்சான் மஞ்சக்காமாலையில செத்துப் போனாரு. பதினாறாம் நாளே அவளையும் புள்ளையையும் இங்க கூட்டிக்கிட்டு வந்துட்டேன். பின்னால மாட்டுக்கொட்டாய் இருந்துது. மாட்டை வித்துப்போட்டு, தரைக்குச் சிமிட்டி போட்டு, மேல தகரம் மாத்தி அவளுக்குக் குடுத்தேன். பதினாறு வருசம் இருந்தா. ஒரு ரூவா வாடகை கேட்டிருப்பனா? கேக்கலைங்க.

அவளும் சும்மா உக்கார மாட்டா. வெடியால எந்திரிச்சு வாசல் தெளிக்கறது, பாத்திரம் வெளக்கறது, சோறாக்கறது, துணி தொவைக்கறது எல்லாம் அவளேதான். எம்பட சம்சாரம் குணவதிக்கு மூட்டு வலிங்க, குனிய முடியாது. அதனால மயிலா ஒத்தாசையா இருந்துக்குவா.

மையத்தைக் கூட்டிப் பெருக்கறதுக்கு, வர்றவங்களுக்குத் தண்ணி குடுக்கறதுக்கு ஒரு ஆளு வேணும்னாங்க. 'வெளிய எதுக்குங்க தேடறீங்க, மயிலா இருக்கறா'ன்னு நான்தான் சேத்து விட்டேன். சம்பளத்தை எம்பட கையில குடுத்துருங்க, வீட்டுச் செலவுக்கு ஆகும்னு சொன்னேன். அந்த வக்கீலம்மா முடியாதுன்னுட்டாங்க. வேலை செய்யறவங்க பேர்ல பேங்குல கணக்குத் தொறந்து அதுலதான் போடோணுமாம். உங்க ஆபீஸு ரூலாம். அம்பத்தியாறு வயசுல அவளைக் கூட்டிப்போயி போட்டோ எடுத்து, பாஸ்புக்கு வாங்கிக் குடுத்தாங்க. அவ அதை ஒரு மஞ்சப்பையில போட்டு ஆணியில மாட்டி வெச்சிருந்தா. குணவதி சொன்னா, 'பாத்துக்குங்க, இது நல்லதுக்கில்லை'ன்னு. நான்தான், 'போகட்டும் விடு, ஏழைப் பொழப்பு'ன்னேன்.

அங்க உக்காந்து அவ எல்லாக் கேஸையும் கேட்டிருக்கறா. காதைப் பொத்திக்கிட்டா கூட்ட முடியும்? ஒருநா மத்தியானம் எனக்குச் சோறு போட்டுக்கிட்டே கேட்டா.

"ஏனுங்கண்ணா, அப்பன் உயிலு எழுதாமச் செத்துப் போனா மகளுக்கும் பங்கு உண்டாமா?"

"உண்டு புள்ள. சட்டம் அப்படித்தான் சொல்லுது. ஏன், யாராவது வந்திருந்தாங்களா?"

"ஒரு அம்மா வந்திருந்தாங்க."

"அண்ணன்காரன் குடுக்க மாட்டேங்கறானாக்கும்?"

"இன்னும் கேக்கலையாமுங்க. கேக்கறதுக்குப் பயமா இருக்குதாம்."

"தைரியமாக் கேக்கச் சொல்லு. பயந்தா ஆகுமா? அதுக்குத்தான மையம் தொறந்திருக்குது"ன்னேன்.

அவ ரசம் ஊத்தீட்டுப் போயிட்டா. அது யாரைச் சொன்னான்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்கு அன்னிக்குத் தெரியலை. சோத்துல இருந்தேன்.

இப்பச் சொல்லப் போறதை எழுத வேண்டாமுங்க. மயிலாவோட மக தாரணியைக் கொடுமுடியில கட்டிக் குடுத்திருந்துது. முழுகாம இருந்தா. கட்டுச்சோத்து விருந்து நான்தான் போட்டேன், அஞ்சு வகைச் சோறு, சொந்தபந்தம் ஒறம்பரை எழுவது பேரு. கொறை வெக்கலை. கொழந்தை பொறந்து ஆஸ்பத்திரியில இருந்து நேரா இங்க வந்தாங்க. ஐப்பசி மாசம், விடாத மழை. அந்தத் தகரத்துல ரெண்டு எடத்துல ஒழுகும். மயிலா வந்து, "அண்ணா, நடு ரூமை முப்பது நாளைக்கு மட்டும் குடுங்க, பச்சக்கொழந்தை நனையுது"ன்னா.

நடு ரூமுல எம்பட மகனோட கட்டல் கெடக்குதுங்க. அவன் கோயமுத்தூர்ல இருக்கறான், தீவாளி, பொங்கல்னு நோம்பிக்கு நோம்பி வருவான். திடீர்னு வந்தா எங்க படுப்பான்? அதைத்தான் குணவதி சொன்னா. கொஞ்சம் சத்தமாச் சொல்லிப்போட்டா. தீட்டு, கீட்டுன்னு ரெண்டு வார்த்தை எச்சாவும் வந்துருச்சு. நான் ஒண்ணும் பேசலைங்க. பொம்பளைங்க பேசறப்ப நான் நடுவுல போகமாட்டேன். மூணாம் நாளு மாப்பிள்ளை ஒரு கார் கொண்டாந்து தாயையும் புள்ளையையும் கொடுமுடிக்கே கூட்டிப் போயிட்டாரு. மயிலா கார் வரைக்கும் கொடை புடிச்சுக்கிட்டுப் போனா. திரும்பி வந்து கொடையை மடக்கி வெச்சுப்போட்டுப் பாத்திரம் வெளக்கப் போயிட்டா. அழுகவுமில்லை. சரி, புரிஞ்சுக்கிட்டான்னு நெனைச்சேன்.

மறுநா வெடியால மையத்தைக் கூட்டி முடிச்சுப்போட்டு, வெளக்கமாத்தைக் கதவு மூலையில வெச்சுப்போட்டு, வக்கீலம்மா முன்னால சேரைப் போட்டு உக்காந்திருக்கறா. அதுக்கு முன்னால அவ அந்தச் சேர்ல உக்காந்ததே இல்லையாம். இதை வக்கீலம்மாதான் எங்கிட்டச் சொன்னாங்க.

அவங்க அன்னிக்குப் பொழுதோட எங்கூட்டுக்கு வந்தாங்க. கையெடுத்துக் கும்பிட்டுப்போட்டு, "ஐயா, உங்ககிட்ட நேர்ல சொல்லிட்டுத்தான் நோட்டீஸ் அனுப்போணும்னு வந்தேன். மயிலாத்தா அக்கா இந்த வீட்டுல அவங்க பங்கைக் கேக்கறாங்க"ன்னாங்க.

எனக்கு மொதல்ல வெளங்கலை. "எந்த வீட்டுல?"ன்னு கேட்டேன்.

"இந்த வீட்டுலதாங்கய்யா."

"நான் குடுத்த எடத்துல உக்காந்துக்கிட்டு எம்மேலயே நோட்டீஸா?"

"அதனாலதான் சங்கடமா இருக்குது. நாங்க வேற எடம் பாத்துக்கறோம். மூணு மாசம் டைம் குடுங்க. ஆனா உதவின்னு கேட்டு வந்தவங்களை, எங்க ஓனரோட தங்கச்சிங்கறதுக்காக இல்லைன்னு அனுப்ப முடியாதுங்கய்யா."

காலி பண்ணச் சொல்லி நானும் எழுதிக் குடுத்துட்டேன். அவங்களும் மூணு மாசம் ஊரெல்லாம் தேடுனாங்க. பொறந்தவளுக்கும் பொறந்தவனுக்கும் கேஸு மூட்டி விட்டவங்கன்னு பேராயிப் போச்சு, ஒருத்தரும் எடம் தரலைங்க. பேரு தானா ஆகலை, நானும் நாலு எடத்துல சொன்னேன்.

மறுநாளே நான் தாராபுரம் போயி ஒரு பெரிய வக்கீலைப் பாத்தேன். அவரு பத்திரத்தைப் பாத்தாரு. எங்கய்யன் மாட்டு யாவாரம் பண்ணிச் சம்பாரிச்சு வாங்குன எடம். எங்கம்மா முன்னாலயே போயிட்டாங்க. "உயிலு இருக்குதா?"ன்னாரு. இல்லைன்னேன். "அப்பச் சரிபாதிங்க"ன்னாரு. பதினெட்டு வருசமா வீட்டு வரி நான்தான் கட்டறேன், எம்பட பேர்லதான் வருதுன்னேன். "கட்டுனதுக்கு ரசீது குடுத்திருப்பாங்கல்ல, அதோட சரி"ன்னாரு. அவருக்கு ஃபீஸு குடுத்தனுங்க. எதுக்குக் குடுத்தேன்னு இன்னும் தெரியலை. இலவசமா மயிலாவுக்குச் சொன்னதையேதான் அவரும் சொன்னாரு.

வந்து மயிலாவைக் கூப்பிட்டேன். குணவதியும் இருந்தா.

"உனக்கு என்ன புள்ள கொறை வெச்சேன்?"ன்னேன்.

"கொறைன்னு ஒண்ணும் இல்லீங்கண்ணா."

"சோறு போடலையா? துணி எடுத்துக் குடுக்கலையா? உம்பட மக கண்ணாலத்துக்கு நான் நிக்கலையா?"

"எல்லாம் பண்ணுனீங்க."

"அப்பறம் என்ன?"

அவ தரையைப் பாத்துக்கிட்டே சொன்னா. "ஒரு முட்டை வேக வெக்கோணும்னாலும் கேட்டுட்டுத்தான் வெக்கோணும்னு இருக்குதுங்கண்ணா. எம்பட மக வந்தா ஒரு கதவைச் சாத்திக்கிட்டு அவகூடப் படுக்கோணும். அதுக்கு ஒரு ரூமு வேணும். தானமா வேண்டாம். எங்கய்யன் குடுத்ததா இருக்கட்டும்."

முட்டையைப் போயி ஒரு காரணமாச் சொல்றா பாருங்க. நான் என்னிக்காச்சும் முட்டை வேண்டாம்னிருக்கறனா? கேட்டா வெச்சுக்கன்னுதான் சொல்லுவேன்.

அந்த வாரம் பாத்து மோட்டார் ரிப்பேராயிப் போச்சு. பின்பக்கத்துக்குப் போற பைப்புல மட்டும் தண்ணி வரலை. முன்னால வந்துது, எங்க சமையக்கட்டுல வந்துது, பின்னால மட்டும் வரலை. ரிப்பேருன்னா ரிப்பேருதானுங்க. மயிலா மையத்துல இருந்து ஒரு கொடம், ரெண்டு கொடம்னு எடுத்துக்கிட்டுப் போனா. எங்கூட்டு வழியா வராம வெளிய தெருவைச் சுத்திக்கிட்டுப் போவா. ரோட்டுல எல்லாரும் பாத்தாங்க. நாலாம் நாளு டீக்கடையில ஒருத்தன், "என்னங்க, மோட்டார் இன்னும் சரியாகலையா?"ன்னு கேட்டான். கேட்ட விதம் எனக்குப் புடிக்கலை. அன்னிக்கே சரியாயிருச்சு.

அப்பத்தான் உங்களுக்கு மனு எழுதோணும்னு முடிவு பண்ணுனனுங்க. மையத்துச் செவுத்துலயே எழுதி ஒட்டியிருக்குது, 'எங்கள் சேவையில் குறை இருந்தால் இந்த முகவரிக்கு எழுதலாம்'னு. அதுவும் உங்க ரூல்தானாம். ஆனா எனக்கு மனு எழுத வராது. கோவமா எழுதுனா அசிங்கமா வருது, மரியாதையா எழுதுனா கோவம் வரமாட்டேங்குது. ரெண்டு நாளு ஒக்காந்து பாத்தேன். மூலனூர்ல நல்லா மனு எழுதறவங்க யாருன்னு பாத்தா ஒருத்தர்தான் இருக்கறாங்க.

நேரா உள்ள போனேன்.

"வக்கீலம்மா, ஒரு மனு எழுதோணும்."

"உக்காருங்கய்யா. யாரு மேல?"

"உங்க மேலதானுங்க."

அவங்க கம்ப்யூட்டரைத் தட்டி, "சொல்லுங்க"ன்னாங்க. நான் சொல்லச் சொல்ல அடிச்சாங்க. 'குடும்பத்தைப் பிரிக்கறாங்க'ன்னேன். "அப்படிப் பொதுவாச் சொன்னா நிக்காதுங்கய்யா. யாரை, எந்தத் தேதியில, என்ன சொல்லின்னு போடோணும்"னாங்க. வாடகை ஒப்பந்தத்தோட நகலைச் சேக்கச் சொன்னாங்க. நான் சொன்ன ஒரு தேதி தப்புன்னு அவங்களே டைரியைப் பாத்துத் திருத்துனாங்க. மயிலா எங்க ரெண்டு பேருக்கும் டீ கொண்டாந்து வெச்சுப்போட்டுப் போனா. கடைசியில வாசிச்சுக் காட்டுனாங்க. நல்லா எழுதியிருந்தாங்க அம்மணி. கேக்கக் கேக்க எனக்கே அவங்க மேல கோவம் கோவமா வந்துது.

"ரிஜிஸ்தர் தபால்ல போடுங்கய்யா. ரசீதைத் தொலைச்சுப் போடாதீங்க"ன்னாங்க. இருக்குதுங்க, பத்திரமா வெச்சிருக்கறேன்.

கேஸு கோர்ட்டுல சமரசத்துக்குப் போச்சு. தாராபுரத்துல ஒரு சின்ன ரூமு, மேசையைச் சுத்தி எல்லாரும் ஒக்காரோணும். நடுவுல இருந்து சமரசம் பேசி வெக்கற அம்மா பொறுமையானவங்க. ரெண்டு தரப்பும் பேசலைன்னா வீட்டையே வித்துத்தான் பிரிக்கோணும்னாங்க. அப்பறம் மயிலாகிட்ட, "உங்க பங்கு சரிபாதி. நீங்க என்ன கேக்கறீங்க?"ன்னாங்க.

மயிலா சொன்னா, "பாதி வேண்டாமுங்க. முன்ரூமும் அதை ஒட்டுன சின்ன ரூமும் போதும். அண்ணன் இருக்கற வீடு அண்ணனுக்கே இருக்கட்டும்."

பாத்தீங்களா? நான் அன்னிக்கு அங்க போட்ட சத்தம் அப்படி. பாதி கேட்டு வந்தவளைக் கால்வாசிக்கு எறக்கிப்போட்டேன். எங்க வக்கீல் எம்பட தொடையைக் கிள்ளி, "ஒடனே சரின்னு சொல்லுங்க"ன்னாரு. சரின்னேன். மயிலாவோட வக்கீலம்மா அவ காதுல என்னமோ சொல்லித் தடுத்துப் பாத்தாங்க. அவ தலையை மட்டும் ஆட்டுனா, வேண்டாம்னு.

கையெழுத்துப் போடச் சொன்னாங்க. அவ முன்னெல்லாம் ரேகைதான் வெப்பா. பேங்குக்குப் போகப் போக எழுதப் பழகியிருக்கறா. ஒவ்வொரு எழுத்தா, பேனாவை இறுக்கிப் புடிச்சுக்கிட்டு, 'நா. மயிலாத்தாள்'னு போட்டா. அதுக்குக் கீழ நான் 'நா. சென்னியப்பன்'. ரெண்டு பேருக்கும் ஒரே இனிசியல். தெரியாத சங்கதியில்லை. ஆனா ஒண்ணுக்குக் கீழ ஒண்ணாப் பாத்ததில்லைங்க. அந்த ரூமுல காத்தாடி ஓடலை, அதனால நான் கொஞ்ச நேரம் வெளிய போயி நின்னுட்டு வந்தேன்.

அம்மணி, அதை எழுதாதீங்க.

அதுக்கப்பறம் மையம் காலி பண்ண வேண்டியதில்லாமப் போச்சு. அவங்களுக்கு இப்ப மயிலாதான் ஓனர். அந்தச் சின்ன ரூமுல அவ இருக்கறா. போன மாசம் தாரணி கொழந்தையைக் கூட்டிக்கிட்டு வந்து பத்து நாளு இருந்துட்டுப் போனா. கொழந்தை தவழுது. அவ ரூமுக்கும் எங்கூட்டுக்கும் நடுவுல இருக்கற சந்து வரைக்கும் தவழ்ந்து வந்து எம்பட செருப்பை எடுத்து வாயில வெச்சுது. நான் எடுத்துப்போட்டேன். தூக்கலாம்னு பாத்தேன், அவங்க யாரும் தூக்கச் சொல்லலை, அதனால தூக்கலை. மயிலா எங்கூட்டு வேலைக்கு வர்றதில்லை. ஆனா நோம்பிக்குப் பலகாரம் குடுத்து விடுவா. குணவதியேதான் இப்ப குனிஞ்சு கூட்டறா, தண்ணி எடுக்கறா, துணி தொவைக்கறா. மூட்டு வலி பரவாயில்லையாட்ட இருக்குது. நான் கேக்கறதில்லை, அவளும் சொல்றதில்லை.

இப்ப உங்க விசயத்துக்கு வர்றேன். எம்பட புகாரை விசாரிச்சு முடிக்கற வரைக்கும் இந்த வருசத்து நிதியை நீங்க நிறுத்தி வெச்சிருக்கறீங்களாமா. வக்கீலம்மாவுக்கு ரெண்டு மாசமாச் சம்பளம் இல்லைங்கறாங்க. ஆனாலும் தெனமும் அதே பஸ்ஸுல வர்றாங்க. மயிலா வாடகையும் வாங்கறதில்லை, சம்பளமும் கேக்கறதில்லை. யாவாரம் தெரியாதவ.

புகாரை வாபஸ் வாங்கறீங்களான்னு நீங்க கேப்பீங்க. புகார் அப்படியே இருக்கட்டுமுங்க. வாபஸ் வாங்குனா நான் பொய் சொன்னதா ஆயிடும். ஆனா நிதியை மட்டும் விட்டுருங்க. இன்னும் ஒரு ரெண்டு வருசத்துக்கு நிறுத்தாதீங்க. அதுக்கப்பறம் நீங்க எப்படி வேணாலும் நடவடிக்கை எடுத்துக்குங்க, நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன்.

ஏன்னு கேக்கறீங்களா? குணவதிக்கு வெள்ளகோவில்ல ரெண்டு பொறந்தவனுங்க இருக்கறானுங்க. மாமனாரு உயிலு எழுதாமப் போயிச் சேந்தவரு. எட்டு ஏக்கரு, கெணத்தோட, அம்பது தென்னை. இவளுக்கு ஒரு தேங்கா குடுத்து விட்டதில்லை. பொறந்தவளை இப்படியா நடத்தறது? அநியாயமுங்க. நான்தான் எடுத்துச் சொன்னேன். 'சட்டம்னு ஒண்ணு இருக்குது குணவதி, கேக்காம இருக்கக்கூடாது. மையத்துக்குப் போலாம் வா'ன்னேன். அவ ஒரு வாரம் யோசிச்சா. நேத்து வெடியால வேலையெல்லாம் முடிச்சுப்போட்டு நல்ல சீலை ஒண்ணைக் கட்டிக்கிட்டு வந்து, "போலாமுங்க"ன்னா.

கூட்டிக்கிட்டுப் போனேன். வக்கீலம்மா, "ஐயா, நீங்க வெளிய பெஞ்சுல உக்காருங்க. அக்கா தனியாப் பேசட்டும்"னாங்க. "அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க, விவரமெல்லாம் எங்கிட்டத்தான் இருக்குது"ன்னேன். "அவங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லட்டும்"னு கதவைச் சாத்திக்கிட்டாங்க. கொஞ்ச நேரத்துல மயிலா டீ எடுத்துக்கிட்டு உள்ள போனா. டீயைக் குடுத்துட்டு வெளிய வருவான்னு பாத்தா அவளும் வரலை. ஒண்ணரை மணி நேரமுங்க. நான் பெஞ்சுல ஒக்காந்திருக்கறேன்.

வெளிய வர்றப்பக் குணவதி மூஞ்சி கழுவியிருந்தா. வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"என்ன சொன்னே?"

"கேட்டதுக்கெல்லாம் சொன்னேன்."

"எட்டு ஏக்கருன்னு சொன்னயா? கெணத்தைச் சொன்னயா?"

"அதை அவங்க இன்னும் கேக்கலீங்க"ன்னா.

சொல்லிப்போட்டு உள்ள போயிச் சோத்தை வடிக்கறா.

எட்டு ஏக்கரை விட்டுப்போட்டு ஒண்ணரை மணி நேரம் வேற என்னத்தைக் கேட்டிருப்பாங்க அம்மணி? அதா, மயிலா சாவியோட வர்றா. நீங்க உள்ள போனா எல்லா பைலையும் பாப்பீங்கதான? குணவதின்னு புதுசா ஒண்ணு இருக்கும். அதுல என்ன எழுதியிருக்குதுன்னு சித்தப் பாத்துட்டு வந்து எங்கிட்டச் சொல்லுங்க. நான் இங்கயேதான் ஒக்காந்திருப்பேன்.